உள்பக்கத்து விரிசல்

போன வாரப் பகுதியில் டிரைவரைச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டு வந்தோம். பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிட்டு, "என் பஸ்ல யாரும் வர வேண்டாம். அவ்வளவுதான்," என்று சொல்லி எழுந்து போன மனிதர், இன்றுவரை அதற்குக் காரணம் சொல்லவில்லை. கேட்டால் முறைப்பு. மறுபடி கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

விஷயம் இவ்வளவுதான். நாளைக் காலை ஏரியில் ட்ரையத்லான். அதில் சின்ன வகை, ஸ்பிரின்ட் என்பார்கள். முக்கால் கிலோமீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் உட்கார்ந்து டீ குடிக்க நேரம் தரமாட்டார்கள். பேர் கொடுக்கும்வரை ஓட்டம் என்றால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது மட்டும்தான் என்றிருந்த நம் இன்ஸ்பெக்டரம்மா, நாற்பது தாண்டிய வயதில் அதில் இறங்குகிறாள். பார்க்க வருகிறவர்களுக்காக நகரத்திலிருந்து ஏரிவரை ஸ்பெஷல் பஸ் விடுகிறார்கள். அந்தப் பஸ்ஸை ஓட்டப் போவது அவள் வீட்டுக்காரரான இந்த டிரைவர்தான். மகளும் நாத்தனாரும் அதில் ஜன்னலோர சீட் பிடித்துப் போய் இறங்கலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தார்கள். அதற்குத்தான் அந்தத் தட்டுத் தள்ளல்.

இன்ஸ்பெக்டரம்மா போலீஸ்காரி இல்லை. கண்ணாடி பாட்டில் கம்பெனியில் தரப் பரிசோதனை. நாள் முழுக்கப் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி விரிசல் தேடுவது அவள் வேலை. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. டம்ளரை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள். பட்டம் கொடுத்தது அவள் மகள்.

நியாயமாகப் பார்த்தால் இந்தப் பந்தயத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் பேர் கொடுத்தார்கள். அவளுக்குச் சைக்கிளில் வளைவு திரும்பச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஒரு மாதத்துக்கு முன்பு, "டூட்டி நேரத்தை மாத்திட்டாங்க, நான் வரல," என்று ஒரே வரியில் கழன்றுகொண்டார். சீக்கிரம் எழ வேண்டும் என்று ஹாலில் படுக்கத் தொடங்கினார். நீச்சல் குளத்தில் பெண்டாட்டி முந்திப் போனது மனிதருக்குப் பொறுக்கவில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வெளியே சொல்லவில்லை. உள்ளுக்குள் அது கிடந்து அறுத்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை. கம்பெனிக்கு லீவ் போட்டுவிட்டு, படுக்கையறைத் தரையில் பெரிய துண்டை விரித்து, நாளைக்கு வேண்டியதை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

நீச்சல் தொப்பி, நீச்சல் கண்ணாடி. கழுத்து உராயாமல் இருக்கத் தடவ வாஸ்லின். ஈரக்காலில் சட்டென்று ஏற வேண்டுமே என்று சாக்ஸைப் பாதிவரை சுருட்டி, ஷூவுக்குள் பவுடர் தூவினாள். ஷூவின் லேஸைக் கழற்றிவிட்டு எலாஸ்டிக் கோத்திருந்தது. முடிச்சுப் போடும் நேரம் மிச்சம். நம்பர் அட்டை கோத்த பெல்ட் ஒரு பக்கம். கடைசியில் ஹெல்மெட். அதைக் கவிழ்க்காமல் மல்லாத்தி, வாரை இரண்டு பக்கமும் விரித்துவிட வேண்டும்.

"ஹெல்மெட், பக்கிள், அப்புறம்தான் சைக்கிள்," என்று முணுமுணுத்துக்கொண்டாள். பக்கிளைப் போடாமல் சைக்கிளைத் தொட்டால் பந்தயத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். கனவில்கூட அவள் இதைத்தான் உளறுகிறாள் என்று மகள் சொல்கிறாள்.

ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருந்த பஞ்சுப் பட்டைகள் வியர்வையில் நாறின. நாளைக்காவது வாசனையாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தாள். துவைக்கப் போடும் முன், பழக்கதோஷம், பெருவிரலால் உள்பக்கத்தை ஒரு சுற்றுத் தடவினாள்.

விரல் ஓரிடத்தில் நின்றது.

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வலது காதுக்கு மேலே தொடங்கி உச்சிவரைக்கும், தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. இரண்டு கையாலும் அழுத்தினாள். கிரீச் என்றது. கோடு வாயைத் திறந்து மூடியது.

வெளியே ஒரு கீறல்கூடக் கண்ணில் படவில்லை. யாரோ நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

ஹெல்மெட் தானாக விரிசல் விடாது. உள்ளே ஒரு தலை இருந்து, அந்தத் தலை தரையில் மோதினால்தான் விடும். அவள் இதுவரை விழுந்ததில்லை. அப்படியானால் யார் தலை?

"ஏய் வாலு! இங்க வா!"

கல்லூரி முதல் வருஷம் படிக்கும் மகளுக்கு வீட்டில் அதுதான் பேர். சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய் மாட்டிக்கொண்ட கதை வாசகர்களுக்கு மறந்திருக்காது.

"என்னம்மா?"

"இது என்னடி?"

வாலு எட்டிப் பார்த்தாள். "விரிசல்."

"அது எனக்கும் தெரியுது. எங்க விழுந்த?"

"நான் எங்கயும் விழல."

"பொய் சொல்லாத. அடி பட்டுச்சா? தலையைக் காட்டு."

"அம்மா, நான் அந்தச் சைக்கிளைத் தொட்டே ரொம்ப நாளாச்சு. அன்னிக்கு வாங்கின திட்டே இன்னும் ஜீரணமாகல."

"பின்ன ஹெல்மெட் தானா போய் முட்டிக்கிச்சா? நாளைக்கு நான் இதைப் போட்டுக்கிட்டு ரோட்ல விழுந்தா என் மண்டை என்ன ஆகும்னு யோசிச்சியா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

வாலுவின் மூக்கு சிவந்துவிட்டது. "இந்த வீட்ல எது உடைஞ்சாலும் நான்தானா? யாருன்னு தெரியலைன்னா என் பேரை எழுதிக்கோ. வசதியா இருக்கும்!"

கதவு படீரென்று சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் வாசல் கேட்டும் சாத்தப்பட்டது. அதில் இன்னும் கொஞ்சம் பலம் தெரிந்தது.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். நாளைக்கு ஹெல்மெட் இல்லை என்பது ஒரு கவலை. பெற்ற பெண் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறாளே என்பது அதைவிடப் பெரிய கவலை. அந்தப் பெண்ணின் முகத்தில் பொய்யே இல்லையே என்ற மூன்றாவது கவலையை அவள் கிட்டே வர விடவில்லை.

மதியம் கத்திரி வந்தாள்.

டிரைவரின் தங்கை. நாலு வீடு தள்ளித் தையல் கடை. கையில் இருக்கும் கத்திரிக்கும் வாயில் இருக்கும் கத்திரிக்கும் எதற்குக் கூர்மை அதிகம் என்று தெரு இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. மூன்று பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே உடையாகப் போடும் சூட் அவள் கையில் இருந்தது. கடையில் வாங்கியது அளவு பெரிதாகி, தண்ணீரில் பலூன் மாதிரி உப்பியதால், இன்ஸ்பெக்டரம்மா அதைப் பிடித்துத் தைக்கக் கொடுத்திருந்தாள்.

"போட்டுப் பாருங்க அண்ணி. உடம்போட ஒட்டி நிக்கும்."

இன்ஸ்பெக்டரம்மா பிரித்தாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

"ஜிப் எங்க?"

"பின்னாடி."

"முன்னாடிதானே இருந்துச்சு!"

"கோணலா நின்னுது, அண்ணி. பிரிச்சுட்டு அழகா முதுகுக்கு மாத்திட்டேன். இத்தனை வருஷத்துல எந்தப் பொம்பளைத் துணிக்கு நான் முன்னாடி ஜிப் வெச்சிருக்கேன்?"

"நானே போட்டு நானே கழட்டணும்டி! பந்தயத்துல யாரும் கை வைக்கக் கூடாது!"

"தண்ணில இறங்கறதுக்கு முன்னாடியே இழுத்து விட்டுட்டா, கடைசிவரைக்கும் இதோடதானே ஓடப் போறீங்க? நடுவுல எதுக்குக் கழட்டணும்?"

"அதுக்கு முன்னாடி பாத்ரூம் போகணும்னா?"

கத்திரி வாயைத் திறந்தாள், மூடினாள். அந்தத் தெருவில் அது ஓர் அபூர்வக் காட்சி. "சரி சரி. ஜிப் நுனியில நீளமா ஒரு நாடா தைச்சுத் தரேன். தோளுக்கு மேல போட்டு நீங்களே இழுத்துக்கலாம். கலர் பார்த்து எடுத்துட்டு வரேன். அதுக்குள்ள போட்டுப் பாருங்க, இடுப்புல பிடிக்குதான்னு," என்று நழுவிவிட்டாள்.

அவள் போன கையோடு டிரைவர் வந்தார். காலை ஷிப்ட் முடிந்து, முழுக்கைச் சட்டையோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஹாலில் பையை வைத்தார். தண்ணீர் குடித்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா சூட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். முதுகு திறந்து கிடந்தது. வளைந்து பார்த்தாள், நெளிந்து பார்த்தாள். ஜிப் இடுப்போடு நின்றுவிட்டது. ஒரு மாதமாக அவரிடம் உதவி என்று எதுவும் கேட்டதில்லை. இன்றும் கேட்டிருக்க மாட்டாள். ஆனால் முதுகுக்கு ரோஷம் தெரியாதே.

"கொஞ்சம் வர்றீங்களா? இந்த ஜிப்பை மேல இழுத்து விடணும்."

அவர் வந்தார். பின்னால் நின்றார். ஜிப்பைப் பிடித்து இழுத்தார். பாதி முதுகில் துணி சிக்கிக்கொண்டது.

"கீழ துணியை ஒரு கையால இழுத்துப் பிடிங்க. இன்னொரு கையால ஜிப்பைத் தூக்குங்க."

அவர் துணியை விட்டுவிட்டு ஜிப்பை மட்டும் இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

கண்ணாடியில் அவள் பார்த்தாள். அவர் இழுத்தது இடது கையால். வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. துணியைப் பிடிக்க ஒருமுறை மேலே வந்தது. நெஞ்சு உயரம் வருவதற்குள் அவர் உதட்டைக் கடித்தார். கை இறங்கிவிட்டது.

வலது கை. ஹெல்மெட்டின் வலது பக்கம்.

அப்போதுதான் அவளுக்கு ஹேண்டில் பார் நினைவுக்கு வந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு, கேட்காமலேயே அவர் அவளுடைய சைக்கிளுக்குப் புது டேப் சுற்றி வைத்திருந்தார். கோபத்திலும் மனிதருக்கு நம்மேல் எவ்வளவு அக்கறை என்று அன்று அவள் உருகிப் போனாள். அந்த மாதத்தில் அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது. அந்த டேப்புக்கு அடியில் என்ன தேய்ந்து கிடக்கிறதோ!

"எப்போ விழுந்தீங்க?" என்றாள், திரும்பாமலேயே.

"யாரு விழுந்தது?"

"கையைத் தூக்குங்க, பார்க்கலாம்."

"சும்மா நச்சரிக்காத. ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சு தோள் வலி."

அவள் திரும்பி, கட்டிலில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். உள்பக்கம் மேலே தெரியும்படி. "இதுக்கும் ஸ்டியரிங் பிடிச்ச வலியா?"

டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. விரலால் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "உள்ள இப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா. வெளிய மண்ணைத் துடைச்சு மாட்டிட்டேன்."

"ஒரு மாசமா இதைப் போட்டுக்கிட்டுத்தான் நான் லாரிக்குப் பக்கத்துல ஓட்டிட்டு இருந்தேன்."

அவர் ஹெல்மெட்டைக் கட்டிலில் வைத்தார்.

"எப்படி விழுந்தீங்க? கல்லு தடுக்குச்சா?"

"இல்ல."

"நாய் குறுக்க வந்துச்சா?"

"இல்ல."

"பின்ன?"

டிரைவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "பிரேக் இறுக்கிட்டு, சரியா இருக்கான்னு ஓட்டிப் பார்த்தேன். உன் ஹெல்மெட் ஹேண்டில்ல தொங்கிட்டு இருந்துச்சு, மாட்டிக்கிட்டேன். தெருக்கோடி வளைவு வரைக்கும் ஞாபகம் இருக்கு. அப்புறம் கண்ணைத் தொறந்தா தரையில கிடக்கறேன். நடுவுல என்ன ஆச்சுன்னு..." தலையை ஆட்டினார். "ஒண்ணுமே இல்ல. யாரோ லைட்டை அணைச்சுப் போட்ட மாதிரி."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தா எழுதிடுவார். எழுதினா லைசென்ஸ் போச்சு. இருபது வருஷமா எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வேலைதான். வண்டியை விட்டு இறங்கிட்டா நான் யாரு, சொல்லு? சும்மா வீட்ல உக்காந்து பாட்டில் தட்டறதா?" சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "ஒரு தடவைதான். வெயில்ல, வெறும் வயித்துல. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருந்தா எங்களை ஏன் பஸ்ல வர வேண்டாம்னீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாலுவையும் உங்க தங்கச்சியையும் ஏத்த உங்களுக்குப் பயம். அதானே? நம்ம வீட்டு ஆளுங்களை ஏத்த மாட்டீங்க. மத்த வீட்டு ஆளுங்களை மட்டும் எந்த தைரியத்துல ஏத்தறீங்க?"

கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொறாமை என்று நினைத்தாளே, இந்த மனிதர் ஒரு மாதமாக ஹாலில் தனியாகப் படுத்து எவ்வளவு பயந்திருப்பார் என்று பரிதாபமாக இருந்தது. கூடவே கோபமும் கொதித்தது. ஒரு மாதம். தினமும் ஒரு பஸ் நிறைய ஜனம்.

"நீ நாளைக்குப் போ," என்றார் அவர் மெதுவாக. "இவ்வளவு நாள் பாடுபட்டிருக்க. வந்ததும் பேசிக்கலாம்."

"நீங்க அந்த வண்டில ஏறினா நான் தண்ணில இறங்க மாட்டேன். தண்ணிக்குள்ள தலையை விட்டா எனக்கு உங்க பஸ்தான் தெரியும். இப்பவே டிப்போவுக்குப் போன் போடுங்க. என் முன்னாடி."

அவர் போனை எடுத்தார். பிறகு எண்ணை அழுத்தினார். அவள் எட்டி ஸ்பீக்கரைப் போட்டாள்.

வாசலில் நிழல் ஆடியது. வாலு திரும்பி வந்திருந்தாள். முகம் இன்னும் உம்மென்றுதான் இருந்தது. கையில் தோழியிடம் கடன் வாங்கிய நீல ஹெல்மெட். அம்மாவோடு சண்டை வேறு, அம்மாவின் மண்டை வேறு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே நடப்பதைப் பார்த்து நிலையிலேயே நின்றுவிட்டாள்.

"சொல்லுப்பா," என்றது டிப்போ கன்ட்ரோலரின் குரல்.

"சார், நாளைக்கு ஏரி ஸ்பெஷல் என்னால ஓட்ட முடியாது."

"விளையாடறியா? கடைசி நேரத்துல நான் ஆளுக்கு எங்க போவேன்? என்ன காரணம்?"

"கொஞ்சம் காய்ச்சல் சார்."

இன்ஸ்பெக்டரம்மா விரிசல் விட்ட ஹெல்மெட்டை எடுத்து நகத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். கம்பெனியில் பாட்டிலைத் தட்டும் அதே தட்டு. உடைந்த சத்தம் வந்தது.

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"காய்ச்சல் இல்ல சார். எனக்கு நினைவு தப்பிடுது. போன மாசம் சைக்கிள்ல போகும்போது விழுந்துட்டேன். டாக்டரைப் பார்க்கணும். அதுவரைக்கும் நான் வண்டி எடுக்கறது சரியில்ல."

அவள் மூச்சை மெல்ல விட்டாள். சொல்லிவிட்டார். ஒரு மாதமாக அவளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது நின்றது. இனி எது வந்தாலும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். கை நீட்டி அவர் தோளைத் தொட்டாள், இடது தோளை.

"இருப்பா," என்றார் கன்ட்ரோலர். குரல் மாறியிருந்தது. "போன வாரம் பாலத்துக்கிட்ட உன் வண்டி நடைபாதையில ஏறி நின்னுச்சே. நல்லவேளை, அங்க யாரும் நிக்கல. பிரேக் பிடிக்கலைன்னு எழுதிக் கொடுத்த."

டிரைவரின் தோள் அவள் கைக்குள் இறுகியது.

"பிரேக்ல ஒரு குறையும் இல்லைன்னு அந்த மெக்கானிக் தலையில அடிச்சுக்கிட்டான். நான் நம்பல. உன் பேச்சைத்தான் நம்பினேன். அவனை சஸ்பெண்ட் பண்ணி வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்யா. அவன் பொண்டாட்டி தினமும் வந்து டிப்போ வாசல்ல நிக்குது." ஒரு கணம் நிறுத்தினார். "அன்னிக்கு நெஜமா பிரேக்தானா?"

அவள் கை தானாகத் தோளிலிருந்து விலகியது. ஒரு தடவைதான் என்று சற்றுமுன் இதே வாயால்தானே சொன்னார்.

டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே துண்டின் மேல் தொப்பியும் கண்ணாடியும் பவுடர் தூவிய ஷூவும் வரிசை கலையாமல் இருந்தன. அவள் முதுகில் ஜிப் பாதியில் நின்றிருந்தது.

"ஹலோ? லைன்ல இருக்கியா?"

காலையில் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிய பெண், நீல ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சொல்லுங்கப்பா," என்றாள். "அவர் கேக்கறாருல்ல."